அரசுப் பள்ளிகளில் கலை ஆசிரியர்கள்: பணி, பயிற்சி, வளங்கள் – ஆரணி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி கற்பிப்போரைச் ‘சிறப்பாசிரியர்கள்’ என்று கல்வித்துறை வகைப்படுத்துகிறது. இவர்களுள் ஓவியமும் இசையும் கற்பிப்போரும், பூவேலையும் ஆடை வடிவமைப்பும் கற்பிக்கும் தையலாசிரியர்களும் கலை ஆசிரியர் என்ற சொல்லுக்குள் வருவர். தொடக்கப் பள்ளியில் எல்லாப் பாடங்களையும் எடுக்கும் இடைநிலை ஆசிரியரும் நடைமுறையில் கலை ஆசிரியரே. பாட்டும் கதையும் படமும் இல்லாமல் முதல் வகுப்பை நடத்த இயலாது. இவர்களுக்கு என்னென்ன பணிவாய்ப்புகள் உள்ளன, பயிற்சி எங்கே கிடைக்கிறது, வகுப்புக்கு வேண்டிய பொருளும் மேடையும் எந்த வழியில் வருகின்றன என்பவை ஒன்றோடொன்று பிணைந்த கேள்விகள். பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியை வைத்துப் பார்த்தால் இப்பிணைப்பு தெளிவாகும். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இந்நகரில் வடிவமும் வண்ணமும் அன்றாடத் தொழிலாகவே புழங்குகின்றன. சுற்றுவட்டாரத்தில் தெருக்கூத்தும் பல்லவர் குடைவரைகளும் உண்டு. வளத்துக்குக் குறைவில்லை, அதை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டிய ஆசிரியரின் பணியிடம்தான் உறுதியற்றது.

பணியிடமும் சட்ட அடிப்படையும்

கலை ஆசிரியர் பணிக்கான இன்றைய சட்ட அடிப்படை, 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையில் நூறு குழந்தைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலைக்கல்வி, உடல்நலமும் உடற்கல்வியும், பணிக்கல்வி ஆகிய மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. இச்சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. கலைக்கல்விக்கு ஓர் ஆசிரியர் கட்டாயம் என்று சொன்ன அதே விதி, அவர் பகுதிநேரமாக இருந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டது. பின்வந்த சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் இங்கேதான்.

இவ்விதியைப் பின்பற்றி, அனைவருக்கும் கல்வி இயக்கத்தின்கீழ் 2012-இல் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை; தொடக்கத்தில் மாத ஊதியம் ரூ.5,000. அது படிப்படியாக உயர்ந்து, 2021-இல் ரூ.10,000 ஆகவும், 2023-இல் வெளியான அறிவிப்பின்படி ரூ.12,500 ஆகவும் ஆயிற்று. கோடை விடுமுறையான மே மாதத்துக்கு ஊதியம் தரப்படாமலேயே இருந்து வந்தது. பணி நிரந்தரம் வேண்டும் என்பது இவர்களின் நீண்டகாலக் கோரிக்கை. 2018-இல் அனைவருக்கும் கல்வி இயக்கம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்குள் இணைக்கப்பட்டபின் இவர்களின் ஊதியமும் அத்திட்ட நிதியைச் சார்ந்தது. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தம் தொடர்பாக ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் எழுந்த பூசலில் 2024–25-ஆம் ஆண்டுக்கான ஒன்றிய அரசின் பங்காகிய ரூ.2,152 கோடி நின்றுபோனது. திட்ட நிதியை நம்பிய பணியிடம் எவ்வளவு ஆட்டங்காணக்கூடியது என்பதற்கு அது சான்று.

முழுநேரப் பணியிடங்கள் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உள்ளன. அவற்றுக்கான தெரிவை ஆசிரியர் தேர்வு வாரியம் நடத்துகிறது. 2017-இல் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல் ஆகியவற்றுக்குச் சேர்த்து 1,325 சிறப்பாசிரியர் இடங்களுக்கு எழுத்துத் தேர்வு நடந்தது. முழுநேரப் பணியில் சேர்ந்தவருக்குக் காலமுறை ஊதியமும், பத்தாண்டில் தேர்வுநிலையும், இருபதாண்டில் சிறப்புநிலையும் உண்டு. பாட ஆசிரியருக்கு இருப்பதுபோல் முதுகலை ஆசிரியர், தலைமையாசிரியர் என்று ஏறிச்செல்லும் படிக்கட்டு இவர்களுக்கு இல்லை. ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தவர் பெரும்பாலும் ஓவிய ஆசிரியராகவே ஓய்வு பெறுகிறார். மாநில அரசுக்கு வெளியே, கேந்திரிய வித்யாலயங்கள் தொடக்க நிலையில் இசைக்கும் நடுநிலையில் கலைக்கல்விக்கும் ஆசிரியர்களை அகில இந்தியத் தேர்வின் வழியே எடுக்கின்றன. ஊதியமும் பணி உறுதியும் கூடுதல் என்பதால் தமிழ்நாட்டுக் கவின்கலைப் பட்டதாரிகள் அவ்விடங்களையும் நாடுகின்றனர்.

தகுதியும் தொடக்கப் பயிற்சியும்

கலை ஆசிரியராக இரண்டு பாதைகள் உள்ளன. முதலாவது, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகள். ஓவியம், இசை, தையல், கைத்தறி நெசவு போன்றவற்றில் கீழ்நிலை, மேல்நிலை என இரு நிலைகளில் இத்தேர்வுகள் நடக்கின்றன. தேறியவர் கோடையில் நடைபெறும் 42 நாள் தொழிலாசிரியர் பயிற்சியை முடித்தால் டி.டி.சி. என்று வழங்கும் தொழிலாசிரியர் சான்றிதழ் கிடைக்கும். கல்லூரிக்குச் செல்ல வசதியில்லாத ஒருவர் உள்ளூரில் ஓர் ஓவியரிடமோ தையல் நிலையத்திலோ கற்று, தேர்வெழுதி ஆசிரியராகலாம் என்பது இவ்வழியின் பலம். பார்த்து வரைதல், வடிவியல் வரைதல், அலங்கார வரைவு ஆகியவற்றில் கைப்பழக்கம் வாய்த்தாலும், குழந்தைகளின் கலைவளர்ச்சி, கலை வரலாறு, தற்காலக் கலை ஆகியவற்றுக்கு இப்பயிற்சியில் போதிய நேரமில்லை என்பது இதன் குறை.

இரண்டாவது, கவின்கலைக் கல்லூரிகள். சென்னை எழும்பூரில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி, கே.சி.எஸ்.பணிக்கர் ஆகியோர் முதல்வர்களாக இருந்த காலத்தில் இது தென்னகத்து நவீன ஓவியத்தின் மையமாயிற்று. கும்பகோணத்தில் இன்னோர் அரசு கவின்கலைக் கல்லூரியும், மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசு கட்டிடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியும் உள்ளன. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இயங்குகின்றன. 2013-இல் தொடங்கப்பட்ட இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம் இத்துறைக்கான உயர்கல்வியை ஒரே குடைக்குள் கொண்டுவந்தது.

இசைப் பக்கத்தில் மாவட்ட அளவிலான வசதியும் உண்டு. கலை பண்பாட்டுத் துறை 17 அரசு இசைப்பள்ளிகளை நடத்துகிறது. அவற்றுள் ஒன்று திருவண்ணாமலையில் இருக்கிறது. வாய்ப்பாட்டு, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகிய ஏழும் அங்கே மூன்றாண்டுப் படிப்புகள். ஆரணியிலிருந்து திருவண்ணாமலை ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். நாள்தோறும் போய்வர இது எட்டாத தொலைவன்று, ஆனால் பெண் பிள்ளைகளை அனுப்பக் குடும்பங்கள் தயங்கும் தொலைவு. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான பட்டயப் படிப்பில் கலைக்கல்வி ஒரு பகுதி. இம்மாவட்டத்தில் அப்பயிற்சியை அளிப்பது கீழ்பென்னாத்தூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம்.

பாடவேளையும் மதிப்பீடும்

ஆசிரியர் இருந்தும் வகுப்பு நடக்காமல் போவது அரசுப் பள்ளிகளில் அரிதன்று. கால அட்டவணையில் ஓவியத்துக்கு ஒதுக்கிய பாடவேளையைக் கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ கேட்டு வாங்கிக்கொள்வார். பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் கேட்காமலேயே எடுத்துக்கொள்வதும் உண்டு. காரணம் வெளிப்படை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்ற ஐந்தோடு முடிந்துவிடுகிறது. பள்ளியின் பெயர் தேர்ச்சி விகிதத்தைப் பொறுத்தது. அந்த விகிதத்தில் ஓவியத்துக்கு இடமில்லை.

கொள்கை ஆவணங்கள் வேறு மாதிரிச் சொல்லி வந்திருக்கின்றன. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பையொட்டி வெளியான கலை, இசை, நடனம், நாடகம் பற்றிய நிலைப்பாட்டு அறிக்கை, பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாக்கப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் 2012–13-இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு, கல்வி இணைச் செயல்பாடுகளுக்குத் தரநிலை வழங்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பிற பாடங்களைக் கலையின் வழியே கற்பிக்கும் முறையை வலியுறுத்துகிறது. இம்முறையால் நன்மை உண்டு. ஆனால் கணக்கையும் அறிவியலையும் கற்பிக்கும் கருவியாக மட்டும் கலை சுருங்கினால், கலைக்கென்று தனி ஆசிரியர் எதற்கு என்ற கேள்வியும் பின்னாலேயே வரும்.

அண்டை நாடும் அண்டை மாநிலமும் இங்கே ஒப்பிடத்தக்கவை. இலங்கையில் அழகியற் கல்வி பாடத்திட்டத்தின் பகுதி. சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றுள் ஒன்றை மாணவர் தெரிவுசெய்து கற்று, சாதாரண தரப் பரீட்சையிலும் எழுதலாம். பரீட்சையில் பாடம் இருப்பதால் அதற்கு ஆசிரியர் தேவைப்படுகிறார். ஆசிரியர் தேவைப்படுவதால் யாழ்ப்பாணத்து இராமநாதன் நுண்கலைப் பீடமும் மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் உருவாக்கும் பட்டதாரிகளுக்குப் பள்ளிகளில் இடமிருக்கிறது. கேரளத்தில் 1957-இல் தொடங்கிய பள்ளிக் கலோத்சவம் வேறு வழியில் அதே பயனைத் தந்தது. அவ்விழாவில் பெறும் தரநிலைக்குத் தேர்வில் கருணை மதிப்பெண் வழங்கும் முறை, கலைப்பயிற்சியைப் பெற்றோரும் பொருட்படுத்தச் செய்தது. பரிசுக்கான செலவும் போட்டி வெறியும் அங்கேயே கடுமையாக விமர்சிக்கப்பட்டிருக்கின்றன. ஆயினும் கலைக்குப் பள்ளிக்குள் ஒரு மதிப்பு நிலைபெற்றுவிட்டது.

மேடைகள்

தமிழ்நாட்டில் அத்தகைய மதிப்பை உண்டாக்கிய முயற்சி, பள்ளிக் கல்வித்துறை 2022–23-இல் தொடங்கிய கலைத் திருவிழா. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்கள் பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்ற நான்கு நிலைகளில் போட்டியிட்டனர். ஓவியம், களிமண் சிற்பம், கருவியிசை, நாட்டுப்புற நடனம், நாடகம், மொழித்திறன் எனப் போட்டிகள் விரிந்தன. மாநில அளவில் வென்றோருக்குக் ‘கலையரசன்’, ‘கலையரசி’ என்ற பட்டங்கள் வழங்கப்பட்டன. பின்னர் தொடக்க வகுப்புகளும் அரசு உதவிபெறும் பள்ளிகளும் இதில் சேர்க்கப்பட்டன. தேசிய அளவில் 2015 முதல் நடக்கும் கலா உத்சவ், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ளோருக்கானது.

இவ்விழாக்களால் கலை ஆசிரியருக்குக் கிடைத்த முதற்பயன், தலைமையாசிரியரிடம் பாடவேளை கேட்பதற்கு ஒரு காரணம். ஆரணி, மேற்கு ஆரணி ஒன்றியங்களின் ஊர்ப்புறப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இல்லாதபோது, வட்டாரப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் வேலை தமிழாசிரியரிடமோ அறிவியல் ஆசிரியரிடமோ வருகிறது. அதனால் கலையில் நாட்டமுள்ள பிற ஆசிரியர்கள் வெளிப்படுகின்றனர். விழாவுக்குரிய எல்லை ஒன்றும் உண்டு. போட்டி சிலரைத் தேர்ந்தெடுப்பது. வகுப்பு எல்லாருக்கும் உரியது. ஏற்கெனவே நடனமும் வரைதலும் தெரிந்த இருவரை மட்டும் மேடைக்கு அனுப்பிவிட்டு மற்ற நாற்பது பேருக்கும் வகுப்பு நடத்தாத பள்ளியில் கலைத் திருவிழா நடந்திருக்கும், கலைக்கல்வி நடந்திராது.

பணியிடைப் பயிற்சியும் அறிவு வளங்களும்

பணியிலுள்ள ஆசிரியருக்கான பயிற்சியில் முதன்மையானது பண்பாட்டு வளம் மற்றும் பயிற்சி மையம். 1979-இல் தொடங்கிய இந்நிறுவனத்தின் தலைமையிடம் புது தில்லி; ஹைதராபாத், உதய்ப்பூர், குவாஹாத்தி ஆகிய நகரங்களில் மண்டல மையங்கள் உள்ளன. மாநில அரசின் பரிந்துரையோடு செல்லும் ஆசிரியர்கள் பல மாநிலத்தாரோடு தங்கிக் கைவினை, இசை, பொம்மலாட்டம், தொல்லிடங்களைப் பாடமாக்கும் முறை முதலியவற்றைக் கற்கின்றனர். பயிற்சி பெற்ற ஆசிரியரின் பள்ளிக்குப் படங்களும் ஒலிப்பதிவுகளும் அடங்கிய பண்பாட்டுக் கல்வித் தொகுப்பு வழங்கப்படுகிறது. பத்து முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கான கலைத்திறன் உதவித்தொகையையும் இம்மையமே நடத்துகிறது. அதற்கு விண்ணப்பிக்க வைப்பது பெரும்பாலும் கலை ஆசிரியரின் கையில்தான் இருக்கிறது.

தஞ்சாவூரில் 1986 முதல் இயங்கும் தென்னகப் பண்பாட்டு மையமும், 1977-இல் தொடங்கிய ஸ்பிக் மெக்கே இயக்கமும் கலைஞர்களைக் கல்விக்கூடங்களுக்கு அழைத்துவரும் வழிகள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் ஐந்து முதல் பதினாறு வயதுவரை உள்ளோருக்குப் பாட்டு, நடனம், ஓவியம் கற்பிக்கின்றன. பள்ளிக்குள் கிடைக்காத தொடர்ப்பயிற்சியை இவை தரக்கூடும். குறுவள மையக் கூட்டங்களும் வட்டார வள மையப் பயிற்சிகளும் ஆசிரியர்கள் மாதந்தோறும் சந்திக்கும் இடங்கள். ஆனால் அவற்றின் நிகழ்ச்சி நிரலில் மொழிக்கும் கணக்குக்கும் கிடைக்கும் நேரம் கலைக்குக் கிடைப்பதில்லை.

இணையவழி வளங்களில், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் கலை, சிற்பம், நாட்டுப்புறவியல் நூல்களைக் கட்டணமின்றித் தருகிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும், 2023-இல் வந்த மணற்கேணி செயலியும் பாடங்களைக் காட்சியாக்குகின்றன. ‘கனவு ஆசிரியர்’ இதழ் ஆசிரியர்களின் வகுப்பறை அனுபவங்களை வெளியிடுகிறது. மாணவர்களின் படங்களும் எழுத்துகளும் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்களில் இடம்பெறுகின்றன. தன் மாணவரின் படம் அச்சில் வருவது, பரிசு பெறாத பிள்ளைக்கும் கிடைக்கக்கூடிய ஊக்கம்.

பொருளும் பணமும்

தொடக்க வகுப்புகளுக்கு விலையில்லா கிரையான்களையும் வண்ணப் பென்சில்களையும் அரசு வழங்குகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து கணித உபகரணப் பெட்டி உண்டு, வண்ணம் இல்லை. நீர்வண்ணம், தூரிகை, கெட்டித்தாள், களிமண் ஆகியவற்றுக்குப் பள்ளிதான் வழி காண வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாணவர் எண்ணிக்கைக்கேற்ப ஆண்டுதோறும் தரப்படும் பள்ளி மானியம் ஒரு வழி. பெரிய பள்ளிக்கு அது ஒரு லட்ச ரூபாய் வரை செல்லும். ஆயினும் மின்கட்டணம், பழுதுபார்ப்பு, தூய்மைப் பணி எல்லாம் அதிலிருந்தே கழிவதால், ஓவிய ஆசிரியர் தேவையை எழுத்தில் முன்கூட்டியே கொடுத்தால்தான் அவருக்கு ஒரு பங்கு மிஞ்சும்.

இன்னொரு வழி பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி இதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். ஆரணி போன்ற ஊரில் அப்பெற்றோருள் நெசவாளரும், சாயமிடுவோரும், பட்டு வணிகரும் இருப்பது இயல்பு. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிகளுக்கு உதவ 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் மூன்றாவது வழி. கட்டிடத்துக்கும் திறன்பலகைக்கும் நன்கொடை கேட்கும் பள்ளிகள், ஓவிய அறைக்கும் இசைக் கருவிகளுக்கும் கேட்பதற்கு இத்திட்டத்தில் தடை ஏதுமில்லை.

தறியிலிருந்து பாடம்

ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற துணி. ஆரணியிலும் அருகிலுள்ள தேவிகாபுரத்திலும் நெசவு தெருத்தெருவாக நடக்கிறது. இதில் ஓவிய ஆசிரியருக்கு நேரடியாகப் பயன்படும் இடம், சேலையின் வரைவு. கரையாகிய பேட்டுக்கும் முந்திக்கும் உரிய உரு முதலில் கட்டம்போட்ட தாளில் வரையப்படும். தாளின் நெடுக்கு வரிசை ஒவ்வொன்றும் பாவு இழைக்கும், கிடை வரிசை ஒவ்வொன்றும் ஊடை இழைக்கும் உரியது. கிடை வரிசைக்கு ஓர் அட்டை என்ற கணக்கில் துளையிட்டு, அட்டைகளைக் கோத்துத் தறியின் ஜக்கார்டுப் பொறியில் ஏற்றுவர். துளை உள்ள இடத்தில் கொக்கி இழையைத் தூக்கும். இல்லாத இடத்தில் இழை கீழேயே நிற்கும். பிரெஞ்சுக்காரரான ஜோசப் மாரி ஜக்கார்டு 1804 அளவில் உருவாக்கிய இவ்வமைப்பு, துளையட்டைகளால் இயங்கிய பிற்காலக் கணிப்பொறிகளுக்கு முன்னோடி.

ஏழாம் வகுப்புக்கு இதைவிடத் தக்க வடிவமைப்புப் பாடம் கிடைப்பது கடினம். கணக்கு நோட்டின் கட்டங்களில் 24-க்கு 24 என்ற சதுரத்தில் ஒரு மாங்காயையோ அன்னத்தையோ வரையச் சொன்னால், வளைகோட்டைக் கட்டங்களாக உடைப்பது எப்படி என்று மாணவர் தாமே கண்டுகொள்வர். ஓர் உருவைத் திருப்பியும் கவிழ்த்தும் அடுக்கினால் சமச்சீரும் தொடர்வடிவமும் வந்துவிடும். ருத்திராட்சம், கோபுரம், மயில்கண், மல்லிமொக்கு என்று வழிவழியாக வந்த உருக்கள் எவ்வளவு சுருங்கிய கோடுகளால் ஆனவை என்பதும் அப்போது புலப்படும். கழித்துப்போட்ட ஜக்கார்டு அட்டைகள் அச்சு வார்ப்புருவாகவும், தறியில் மிஞ்சும் இழைத்துண்டுகள் ஒட்டுப்படத்துக்கும் பயன்படும்.

வண்ணப் பாடத்துக்கும் பட்டு உதவுகிறது. பாவில் ஒரு நிறமும் ஊடையில் இன்னொரு நிறமும் போட்டு நெய்தால், துணி மடியும் இடத்துக்கேற்ப நிறம் மாறித் தோன்றும்; மயில்கழுத்து நிறம் இப்படிப் பிறப்பது. வண்ணங்களைக் குழைத்துக் கலப்பதற்கும் அருகருகே வைத்துக் கண்ணில் கலக்கச் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை இதைக் காட்டிலும் எளிதாக விளக்க முடியாது. அரக்கு, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, கிளிப்பச்சை, வெங்காயத்தோல், எம்.எஸ். நீலம் என்று கடைத்தெருவில் வழங்கும் நிறப்பெயர்கள், பெட்டியிலுள்ள பன்னிரண்டு வண்ணங்களுக்கு அப்பால் மாணவரின் கண்ணைப் பழக்கும்.

நவீன இந்தியக் கலையிலும் நெசவுக்கும் ஓவியத்துக்கும் இடையே இத்தகைய உறவு இருந்திருக்கிறது. சாந்திநிகேதனில் பயின்ற கே.ஜி.சுப்பிரமணியன் 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பிரிவின் துணை இயக்குநராகப் பணியாற்றினார். கைவினையையும் கலையையும் பிரித்துவைக்கும் பழக்கத்தைப் பிற்காலத்தில் தம் எழுத்துகளில் கேள்விக்குள்ளாக்கினார். காஞ்சிபுரத்தில் உள்ள நெசவாளர் சேவை மையம் ஆரணிப் பள்ளிகள் ஒரு நாளில் சென்று வரக்கூடிய இடம். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள் என்பதால் அத்தகைய பயணத்துக்கு அனுமதி கேட்கவும் அது வசதியான நாள்.

குலத்தொழிலுக்கும் கலைக்கும் இடையே

நெசவூரில் தறியைப் பாடமாக்கும் ஆசிரியர் ஒரு வரலாற்றை மனத்தில் வைத்தாக வேண்டும். 1937-இல் வார்தாவில் உருவான காந்தியின் ஆதாரக் கல்வித் திட்டம் நூற்பு, நெசவு போன்ற கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது. சாந்திநிகேதனில் பயின்ற தேவி பிரசாத் 1944 முதல் சேவாகிராமப் பள்ளியில் கலை கற்பித்தார். குழந்தையின் கைவேலை உற்பத்திக்காக அன்று, அதன் ஆளுமை மலர்வதற்காக என்ற நோக்கில் அவர் எழுதிய நூல் கலைக்கல்வியில் இன்றும் பேசப்படுவது. ஆனால் சென்னை மாகாணத்தில் 1953-இல் ராஜாஜி அரசு ஊரகத் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றபோது, அது சாதிப் படிநிலைகளை நிலைநிறுத்தும் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954-இல் முதலமைச்சரான காமராசர் அதைக் கைவிட்டார்.

பிள்ளைகள் குலத்தொழிலிலேயே அடைபடுவர் என்ற அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. கோர்வை நெசவில் பேட்டுக்குத் தனி நாடா போட ஒரு துணையாள் வேண்டும். காஞ்சிபுரம், ஆரணி வட்டாரங்களில் ஒருகாலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் உட்கார்ந்தது பள்ளிக்குப் போக வேண்டிய வயதுச் சிறார். கட்டாயக் கல்விச் சட்டமும் குழந்தைத் தொழிலாளர் மீட்புப் பணிகளும் பல ஆண்டுகளாகப் போராடியது இந்த வழக்கத்தோடுதான். ஆகவே நெசவைக் கலைப்பாடமாக்குவதற்குச் சில வரம்புகள் உண்டு. பாடம் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் அன்றி வகுப்பில் உள்ள எல்லாருக்கும் உரியதாக இருக்க வேண்டும். கற்பிப்பது வடிவமைப்பும் பார்வையும். விற்பனைக்கான உழைப்பு அன்று. நெசவாளரைப் பள்ளிக்கு அழைப்பது ‘உங்கள் பிள்ளையும் இதைச் செய்யட்டும்’ என்று சொல்வதற்காக அல்லாமல், அவர் ஒரு கருத்தாளர் என்ற மதிப்போடு அமைய வேண்டும். தறியை விட்டு வேறு துறைக்குப் போக விரும்பும் பிள்ளைக்கும் அப்பாடம் பயன்பட்டால் அது கல்வி.

கூத்தும் குடைவரையும்

நிகழ்த்துகலை கற்பிப்பவருக்கு இவ்வட்டாரத்தின் பெருஞ்செல்வம் தெருக்கூத்து. செய்யாறு அருகிலுள்ள புரிசை, தம்பிரான் மரபினரின் கூத்துக்குப் பெயர்பெற்ற ஊர். 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந.முத்துசாமியை மரபுக் கலையின் பக்கம் திருப்பியதில் புரிசை நடேசத் தம்பிரானின் ஆட்டத்துக்குப் பங்குண்டு. அவ்வகையில் தமிழ் நவீன நாடகத்துக்கே புரிசை ஒரு தோற்றுவாய். காஞ்சிபுரம் அருகே பெ.ராஜகோபால், ஹன்னே த புருய்ன் ஆகியோர் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம், பொதுக்கல்வியையும் கூத்துப் பயிற்சியையும் ஒரே கூரையின்கீழ் கொடுத்துக் காட்டியது. பெண் பிள்ளைகளும் கூத்தாடக் கற்றனர் என்பது அதன் தனிச்சிறப்பு.

பள்ளியில் முழுக் கூத்தை அரங்கேற்ற வேண்டியதில்லை. கட்டியங்காரன் வருகை, திரை பிடித்தல், வேடத்தின் தன்னறிமுகம் ஆகிய மூன்று உறுப்புகளை எடுத்தாலே வரலாற்றுப் பாடத்தையும் அறிவியல் பாடத்தையும் நாடகமாக்க முடியும். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் போன்ற அணிகளை அட்டையிலும் மின்னுதாளிலும் செய்வது கைவினை வகுப்பு. முகவண்ணம் தீட்டுவது ஓவிய வகுப்பு. கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் அக்னி வசந்த விழாவின் முடிவில், திறந்தவெளியில் மண்ணால் படுத்த நிலையில் அமைக்கும் துரியோதனன் உருவம் பெரிய அளவிலான மண்சிற்பம். நிலைத்து நிற்பதற்காக அன்றி ஒரு நாளுக்காகச் செய்யப்படும் கலை என்ற கருத்தை விளக்க அதுவே போதிய சான்று.

காட்சிக்கலை வரலாற்றுக்கும் வெகுதூரம் போக வேண்டியதில்லை. தேசூர் அருகிலுள்ள சீயமங்கலத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் இருக்கிறது. அதன் தூண் சிற்பங்களுள் ஆடும் சிவன், தமிழகத்தின் மிகப் பழைய ஆடல்வல்லான் உருவங்களில் ஒன்று. இதே மாவட்டத்தின் மாமண்டூர்க் குடைவரையில் அவ்வரசனின் கலையீடுபாட்டைக் கூறும் கல்வெட்டு உள்ளது. போளூர் வழியில் உள்ள திருமலையில், குந்தவை பெயரால் அமைந்த சமணக் கோயிலும், மலையில் வடித்த பெரிய நேமிநாதர் உருவமும், பழைய சுவரோவியங்களும் இருக்கின்றன. வேலூர்க் கோட்டையில் சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தோடு அரசு அருங்காட்சியகமும் அமைந்திருப்பது, ஒரே நாளில் இரண்டையும் பார்க்கும் வசதி. இவ்விடங்களில் படம் எடுத்துத் திரும்புவதைவிட, ஒரு தூணின் முன் அரைமணி உட்கார்ந்து வரைவது பயன் மிகுந்த பாடம்.

மாணவரின் அடுத்த படி

கலை ஆசிரியரின் இன்னொரு கடமை, கலையில் தேர்ந்த மாணவருக்குப் பின்னுள்ள வழிகளைச் சொல்வது. மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவில் நெசவியலும் ஆடை வடிவமைப்பும் என்ற பாடம் உள்ளது. அதன்பின் கவின்கலைக் கல்லூரிகள், சேலத்தில் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம், சென்னையில் உள்ள தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எனப் படிப்புகள் விரிகின்றன. வடிவமைப்பு நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுகள் கற்பனைத்திறனையும் வரைதிறனையும் சோதிப்பவை. அவற்றின் வினாத்தாளைப் பதினோராம் வகுப்பிலேயே பார்த்திராத அரசுப் பள்ளி மாணவர் தகுதி இருந்தும் பின்தங்குகிறார். 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் உயர்கல்வி வழிகாட்டலில் இத்தகவலைச் சேர்க்கத் தக்கவர், மாணவரின் கையை நேரில் அறிந்த கலை ஆசிரியரே.

நிறைகுறைத் தொகுப்பு

மேற்கண்டவற்றைத் தொகுத்தால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, வளங்கள் சிதறிக் கிடக்கின்றன. ஆசிரியர் நியமனம் பள்ளிக் கல்வித்துறையிடமும், இசைப்பள்ளியும் சிறுவர் மன்றமும் கலை பண்பாட்டுத் துறையிடமும், வடிவமைப்பு வல்லுநர்கள் கைத்தறித் துறையிடமும், குடைவரைகள் தொல்லியல் துறைகளிடமும் உள்ளன. வட்டார அளவில் இவற்றை இணைக்கும் பொறுப்பு யாருக்கும் எழுதித் தரப்படவில்லை. அதை வட்டார வள மையத்தில் ஒருவரின் பணியாகவே ஆக்குவது பெருஞ்செலவில்லாத சீர்திருத்தம்.

இரண்டாவது, மதிப்பீட்டில் இடம்பெறாத பாடம் கால அட்டவணையில் நிலைப்பதில்லை. இலங்கையைப் போலப் பொதுத்தேர்வுப் பாடமாக்குவதா, கேரளத்தைப் போல விழாவின் வழியே மதிப்பூட்டுவதா, அல்லது ஆண்டு முழுவதும் மாணவர் செய்த வேலைகளின் தொகுப்பேட்டைப் பார்த்துத் தரநிலை வழங்குவதா என்பது விவாதத்துக்குரியது. மூன்றில் தொகுப்பேடுதான் போட்டி மனப்பான்மையும் மனப்பாடமும் குறைந்தது; ஆனால் அதைப் பார்த்து மதிப்பிடப் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் வேண்டும்.

மூன்றாவது, எல்லாவற்றுக்கும் அடிப்படை ஆசிரியரின் நேரம். நெசவாளரைச் சந்தித்துப் பேசவும், கூத்துக் குழுவை அழைக்கவும், மானியத்துக்கு எழுதவும், மாணவரை நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்தவும் வாரத்துக்கு மூன்று அரைநாள் போதாது. வாழ்க்கைச் செலவுக்காக மீதி நாட்களில் வேறு வேலைக்குச் செல்லும் பகுதிநேர ஆசிரியரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமன்று. நூறு மாணவருக்கு மேற்பட்ட பள்ளிகளிலாவது பகுதிநேரப் பணியிடத்தை முழுநேரமாக்குவதும், சிறிய பள்ளிகளுக்கு இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரு முழுநேர ஆசிரியரைத் தருவதும் நடைமுறைக்கு ஒத்த தொடக்கம். அந்நியமனங்களில் ஓவியத்தோடு இசைக்கும் நாடகத்துக்கும் உரிய பங்கு வேண்டும். இவை நடந்தால் மேலே கூறிய மானியங்களும் மையங்களும் விழாக்களும் புதிதாக எதையும் சேர்க்காமலேயே இப்போதைவிடக் கூடுதல் பயன் தரும்.